முந்துவதற்கு ஒரு பொத்தான்



சென்ற தவணை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, நம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேள்வி ஒன்றைக் கேட்டான். விடுமுறையில் அவன் தன் மாமா வீட்டில் தொலைக்காட்சியில் கார்ப் பந்தயம் பார்த்திருக்கிறான். "சார், காரு ஓட்டுறவரு கையில ஒரு பொத்தான் இருக்காம். அதை அமுக்கினா காரு இன்னும் வேகமாப் போவுமாம். அப்படின்னா ஆரம்பத்துலேர்ந்தே அமுக்கிக்கிட்டே போக வேண்டியதுதானே? ஏன் சார் அப்பப்ப மட்டும் அமுக்குறாங்க?" என்றான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் இது சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று. நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்லப் புகுந்தால், காற்றைப் பற்றியும் எரிபொருளைப் பற்றியும் பேச வேண்டும். முடிவில் நேர்மையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். ஆகவே அன்று அவனுக்குச் சொன்னதையே சற்று விரிவாக இன்று உங்களுக்கும் சொல்ல விழைகிறோம்.

ஒருவர் மட்டுமே அமரக்கூடிய, சக்கரங்கள் வெளியே தெரியும் பந்தயக் கார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1999ஆம் ஆண்டு முதல் 2017ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் சிப்பாங் ஓடுதளத்தில் நடைபெற்ற பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடியவை அத்தகைய கார்களே. அமெரிக்காவில் நடைபெறும் இண்டிகார் பந்தயத்திலும் இவ்வகைக் கார்களே ஓடுகின்றன. இவற்றின் முன்னும் பின்னும் இறக்கைகள் உண்டு. விமானத்தின் இறக்கை விமானத்தை மேலே தூக்குகிறது அல்லவா? அதே இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தினால் என்ன ஆகும்? காற்று அந்த வண்டியைத் தரையோடு சேர்த்து அழுத்தும். அந்த அழுத்தம் இருப்பதால்தான் வளைவில் வேகமாகத் திரும்பினாலும் கார் வழுக்கி வெளியே போவதில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லோரிக்குப் பின்னால் நீங்கள் சைக்கிளில் போயிருப்பீர்கள். அப்போது இரண்டு உணர்ச்சிகள் உண்டாகும். ஒன்று, எதிர்க்காற்றை லோரி தாங்கிக்கொள்வதால் மிதிப்பது சற்று எளிதாக இருக்கும். மற்றொன்று, லோரியின் பின்னால் காற்று சுழன்று சுழன்று அடிப்பதால் சைக்கிள் ஆட்டம் காணும். பந்தயக் காருக்கும் இதே அனுபவந்தான். நேர்ச்சாலையில் முன்காரின் பின்னால் ஒட்டிச் செல்வது பின்காருக்கு நன்மை. வளைவில் அதுவே தீமை. கலங்கிய காற்று பின்காரின் இறக்கைகளுக்குச் சரியாகக் கிடைப்பதில்லை; அழுத்தம் குறைகிறது; டயர்களின் பிடி தளர்கிறது. 2021ஆம் ஆண்டு வரை ஓடிய பார்முலா ஒன் கார்கள், முன்காருக்கு 20 மீட்டர் பின்னால் வரும்போது தம் அழுத்தத்தில் ஏறக்குறைய 35 விழுக்காட்டை இழந்தன என்று பந்தயத்தை நடத்துவோரே கணக்கிட்டுச் சொன்னார்கள்.

இதனால் நேர்ந்த வேடிக்கையைப் பாருங்கள். பின்னால் வருபவர் திறமைசாலியாக இருக்கலாம். அவருடைய காரும் வேகமானதாக இருக்கலாம். ஆனாலும் முன்காரை நெருங்க நெருங்க அவருடைய வேகமே குறைந்துபோகும். ஒற்றையடிப் பாதையில் மெதுவாக நடப்பவர் பின்னால் மாட்டிக்கொண்டவரைப் போல அவர் தவிக்க வேண்டும். இந்தத் தவிப்பைத் தீர்க்கும் வழிகளில் ஒன்றுதான், சிறிது நேரத்துக்கு மட்டும் கூடுதல் வலுவைக் கொடுப்பது.

அந்தக் கூடுதல் வலு எங்கிருந்து வருகிறது? அடுப்படியில் இருக்கும் தாய்மார்களுக்கு இது நன்கு தெரியும். விறகு மந்தமாக எரியும்போது ஊதுகுழலை எடுத்து ஊதுகிறோம். காற்று அதிகம் கிடைத்ததும் தீ கொழுந்துவிட்டு எரிகிறது. ஆனால் விறகும் சீக்கிரம் கரைந்துவிடுகிறது. மோட்டார் இயந்திரத்திலும் டர்போ என்னும் ஊதுகுழல் உண்டு. இயந்திரம் வெளியே தள்ளும் புகையின் விசையாலேயே அது சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி உள்ளே அனுப்புகிறது. காற்றும் எரிபொருளும் கூடுதலாகச் சேர்ந்து எரிவதால் வலு கூடுகிறது. 1980களில் பார்முலா ஒன் ஓட்டுநர்கள் தம் இருக்கையில் இருந்தபடியே ஒரு திருகைத் திருகி இந்த அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. முந்த வேண்டுமா? திருகைக் கூட்டு. முந்தியாகிவிட்டதா? குறைத்துக்கொள்.

குறைக்காமல் விட்டால் என்ன ஆகும்? 1985ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலி நாட்டில் இமோலா என்னும் இடத்தில் நடந்த பந்தயம் இதற்கு நல்ல விடை. அப்போதைய விதிப்படி ஒரு காருக்கு 220 லிட்டர் எரிபொருள்தான். இடையில் நிரப்பிக்கொள்ளவும் அனுமதி இல்லை. பிரேசில் நாட்டு வீரர் ஐர்டன் சென்னா தொடக்கத்திலிருந்து முன்னணியில் பறந்தார். முடிவுக்குச் சில சுற்றுகளே இருந்த நேரத்தில் அவருடைய கார் எரிபொருள் தீர்ந்து நின்றது. அடுத்து முன்னணிக்கு வந்தவர் சுவீடன் நாட்டு ஸ்டீபன் யோஹான்சன். சிறிது நேரத்திலேயே அவருக்கும் எரிபொருள் தீர்ந்தது. மூன்றாவதாக அலென் புரோஸ்ட் எல்லைக்கோட்டை முதலில் கடந்தார். ஆனால் பந்தயம் முடிந்து எடை போட்டுப் பார்த்தபோது அவருடைய கார் விதித்த எடைக்கு 2 கிலோ குறைவாக இருந்ததால் வெற்றி பறிக்கப்பட்டது. இறுதியில் வெற்றி, அன்று ஒரு சுற்றுகூட முன்னணியில் ஓடாத எலியோ டி ஏஞ்சலிஸ் என்பவருக்குப் போய்ச் சேர்ந்தது. மாதச் சம்பளத்தை முதல் வாரத்திலேயே செலவழித்துவிட்டுக் கடைசி வாரத்தில் கடைக்காரரிடம் கைநீட்டும் குடும்பத்தின் கதைதான் அது.

பிற்காலத்தில் வேறொரு வழி கண்டார்கள். ஓடுகின்ற வண்டியை நிறுத்த நாம் பிரேக் பிடிக்கிறோம். அப்போது வண்டியின் ஓட்ட ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறி வீணாகிறது. மலையிறக்கத்தில் பிரேக் பிடித்து வந்த லோரியின் சக்கரத்தருகே கையை வைத்தால் அனல் அடிக்கும். அந்த வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றி மின்கலத்தில் சேமித்து, தேவைப்படும்போது திருப்பிக் கொடுத்தால் என்ன? இந்த ஏற்பாடு 2009ஆம் ஆண்டு பார்முலா ஒன் பந்தயத்துக்கு வந்தது. கெர்ஸ் என்று அதற்குப் பெயர். அதை அழுத்தினால் 60 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 80 குதிரைத்திறன், கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் ஒரு சுற்றுக்கு 400 கிலோஜூல் ஆற்றலைத்தான் செலவிடலாம் என்று விதித்தார்கள்.

பள்ளிப் பிள்ளைகள் இப்போது பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிலோவாட் என்பது ஒரு விநாடிக்கு ஒரு கிலோஜூல். 400ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள். ஆறு விநாடியும் கொஞ்சமும் வரும். சிப்பாங் ஓடுதளத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர். அதை ஒருமுறை சுற்றிவர ஒன்றரை நிமிடத்துக்கும் மேலாகும். அவ்வளவு நேரத்தில் கூடுதல் வலு கிடைப்பதோ ஆறரை விநாடி மட்டுமே! எங்கே அழுத்துவது, எங்கே விட்டுப்பிடிப்பது என்பதில்தான் ஓட்டுநரின் மதி வெளிப்படும். நம் மாணவனின் கேள்விக்கு முதல் விடை இதுதான். அழுத்திக்கொண்டே இருக்க முடியாது, தம்பி. இருப்பு தீர்ந்துபோகும்.

அந்த 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெல்ஜியம் நாட்டில் ஸ்பா என்னும் இடத்தில் நடந்ததைக் கேளுங்கள். போர்ஸ் இந்தியா என்னும் சிறிய அணியின் ஜான்கார்லோ ஃபிசிகெல்லா முதலிடத்திலிருந்து புறப்பட்டார். அவருடைய காரில் கெர்ஸ் இல்லை. பின்னால் பெராரி காரில் வந்த கிமி ராய்க்கோனனிடம் அது இருந்தது. முதல் சுற்றில் நேர்ந்த விபத்தால் அனைவரும் மெதுவாகச் சென்று, மீண்டும் பந்தயம் தொடங்கியபோது, நீண்ட மேட்டுச்சாலையில் ராய்க்கோனன் அவரை முந்திவிட்டார். அதன்பின் இறுதிவரை ஃபிசிகெல்லா அவரை விடாமல் தொடர்ந்தார். முடிவில் இருவருக்கும் இருந்த இடைவெளி ஒரு விநாடிக்கும் குறைவு. தம் கார்தான் வேகமானது, கெர்ஸ் இருந்ததால்தான் ராய்க்கோனன் முந்தினார் என்று ஃபிசிகெல்லா மனம் நொந்து சொன்னார்.

இருப்பவனுக்கு ஒரு நீதி, இல்லாதவனுக்கு ஒரு நீதியா என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஆண்டு விதி எல்லோருக்கும் கெர்ஸை அனுமதித்தது. ஆனால் அதைச் செய்ய மிகுந்த பணம் வேண்டும். காரின் எடையும் கூடும். ஆகவே அதைப் பயன்படுத்தியவை நான்கே அணிகள். அதே ஆண்டு கெர்ஸ் இல்லாத பிரான் அணியின் ஜென்சன் பட்டன் உலக வெற்றியாளர் ஆனார் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் எளிய அணிகளின் குறை தீரவில்லை. 2011ஆம் ஆண்டு நம் சிப்பாங் ஓடுதளத்தில், கோயம்புத்தூரைச் சேர்ந்த தமிழர் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய காரிலும் கெர்ஸ் இல்லை. அவருடைய அணி வசதி குறைந்த அணி.

2011ஆம் ஆண்டில் இன்னொரு முறையும் வந்தது. முன்காருக்கு ஒரு விநாடி தூரத்துக்குள் நெருங்கி வந்தவர் மட்டும், குறித்த இடத்தில் தம் பின்இறக்கையின் ஒரு பலகையைத் திறந்துகொள்ளலாம். காற்றின் தடை குறைந்து கார் விரையும். முன்னால் போகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. முந்துவது பெருகியது உண்மை. ஆனால் முன்னவர் கையைக் கட்டிவிட்டுப் பின்னவரை விடுவது போட்டியா என்று பலர் குறைகூறினர். 2025ஆம் ஆண்டோடு அந்த முறை முடிந்து, 2026 முதல் நெருங்கி வருபவருக்குக் கூடுதல் மின்வலு தரும் முறை வந்திருக்கிறது.

அமெரிக்க இண்டிகார் பந்தயத்தினர் வேறு வகையில் சிந்தித்தார்கள். அங்கே சாலை வடிவ ஓடுதளங்களில் நடக்கும் பந்தயங்களில் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் விநாடிக் கணக்கில் ஒரு சேமிப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். ஓடுதளத்தைப் பொறுத்து 150 விநாடி அல்லது 200 விநாடி. பொத்தானை அழுத்தினால் டர்போவின் அழுத்தம் கூடி ஏறக்குறைய 60 குதிரைத்திறன் கூடுதலாகக் கிடைக்கும். அழுத்துகின்ற நேரமெல்லாம் சேமிப்பிலிருந்து கழியும். முந்துவதற்கும் அழுத்தலாம், முந்த வருபவரைத் தடுப்பதற்கும் அழுத்தலாம். பணக்கார அணிக்கும் ஏழை அணிக்கும் ஒரே அளவு. இரண்டு மணி நேரப் பந்தயத்துக்கு அந்தச் சில நிமிடங்களே முதல். எல்லோருக்கும் சமமாகக் கொடுத்தபின் மிஞ்சுவது அவரவர் அறிவுதான்.

ஒரு முக்கியக் கட்டுப்பாடு இருந்தது. பந்தயம் தொடங்கும்போதும், விபத்தால் மெதுவாகிப் பின் மீண்டும் தொடங்கும்போதும், கார் தொடக்கக் கோட்டைக் கடக்கும்வரை அந்தப் பொத்தான் வேலை செய்யாது. கார்கள் கூட்டமாக இருக்கும் நேரம் அது. மையக் கட்டுப்பாட்டிலிருந்தே பொத்தானை முடக்கி வைத்திருப்பார்கள்.

இனித்தான் நேயர்களே, நாம் சொல்ல வந்த செய்தி.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 10ஆம் நாள், புளோரிடா மாநிலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அவ்வாண்டின் முதல் இண்டிகார் பந்தயம் நடந்தது. பென்ஸ்கி அணியின் ஜோசப் நியூகார்டன் வெற்றி பெற்றார். மெக்சிகோ நாட்டு இளைஞர் பாட்டோ ஓவார்டு இரண்டாவதாக வந்தார். கோப்பை கொடுத்தாயிற்று. படமும் எடுத்தாயிற்று.

ஆறு வாரம் சென்றது. ஏப்ரலில் லாங் பீச் நகரில் பந்தயத்துக்கு முன் நடந்த காலைப் பயிற்சியில் மையக் கட்டுப்பாடு பழுதாகி, எல்லாக் கார்களின் பொத்தான்களும் செயலற்றுப் போயின. மூன்று கார்களைத் தவிர! அந்த மூன்றும் பென்ஸ்கி அணியின் கார்கள். அதிகாரிகளுக்கு ஐயம் எழுந்தது. பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மறுதொடக்கங்களின்போது, மற்றவர்களுக்கு முடங்கியிருந்த நேரத்தில், நியூகார்டன் மூன்று முறை, மொத்தம் ஒன்பது விநாடி, பொத்தானைப் பயன்படுத்தியிருந்தார். அதே அணியின் ஸ்காட் மெக்லாக்லின் இரண்டு விநாடிக்கும் சற்றுக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தார். மூன்றாமவர் வில் பவர் பயன்படுத்தவே இல்லை.

ஏப்ரல் 24ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நியூகார்டனின் வெற்றி பறிக்கப்பட்டது. மெக்லாக்லின் பெற்ற மூன்றாம் இடமும் போயிற்று. பயன்படுத்தாத வில் பவருக்கும் 10 புள்ளிகள் குறைந்தன. ஏனெனில் அவருடைய காரிலும் அந்த ஏற்பாடு இருந்தது. வெற்றி ஓவார்டுக்கு அளிக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பென்ஸ்கி அணியின் உரிமையாளர் ரோஜர் பென்ஸ்கி. அப்போது இண்டிகார் பந்தயத் தொடரின் உரிமையாளராக இருந்தவரும் அவரே. முதலாளியின் சொந்த அணிதான் தண்டனை பெற்றது. வேறு சோதனைக்காகப் போட்ட கணினி நிரலைத் தவறுதலாக நீக்காமல் விட்டுவிட்டோம் என்று அணியினர் விளக்கம் சொன்னார்கள். விதி மாறிவிட்டது என்று தாம் தவறாக நம்பியதாக நியூகார்டன் சொன்னார். செய்தியாளர்கள் முன் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். அவர் சொன்னதை நம்பியவரும் உண்டு, நம்பாதவரும் உண்டு. மனத்துக்குள் புகுந்து பார்க்க நம்மால் இயலாது. ஆனால் இவ்வளவு சொல்லலாம்: இரண்டு மணி நேரம் அவர் திறமையாக ஓட்டினார்; ஒன்பது விநாடி அந்தத் திறமை முழுவதையும் ஐயத்துக்கு இடமாக்கிவிட்டது. பரீட்சையில் தொண்ணூறு மதிப்பெண் வாங்கக்கூடிய பிள்ளை, ஒரு விடையைப் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதினால், மற்ற விடைகளையும் ஊரார் நம்புவார்களா?

கதை இத்துடன் முடியவில்லை. ஒரு மாதம் கழித்து, மே 26ஆம் நாள், புகழ்பெற்ற இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயம் வந்தது. அந்த நீள்வட்ட ஓடுதளத்தில் பொத்தான் யாருக்கும் கிடையாது. 200 சுற்றுப் பந்தயம். கடைசிச் சுற்று தொடங்கும்போது முன்னணியில் நின்று மோதியவர்கள் யார் தெரியுமா? அதே நியூகார்டனும் அதே ஓவார்டும்! முதல் வளைவில் ஓவார்டு முந்தினார். மூன்றாம் வளைவில் நியூகார்டன் வெளிப்புறமாகச் சென்று அவரை முந்தி, அரை விநாடிக்கும் குறைந்த இடைவெளியில் வென்றார். ஓவார்டு கண்ணீர் விட்டார். இம்முறை அந்த முந்துதலை யாரும் ஐயுறவில்லை. பொத்தான் இல்லாமலே வெல்லக்கூடியவர் அவர் என்பது தெரிந்தது. அப்படிப்பட்டவருக்கு மார்ச் மாதத்து ஒன்பது விநாடி எதற்கு என்று நினைக்கும்போது நமக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

நேயர்களே, இதையெல்லாம் நம் மாணவர்களுக்குச் சொன்னபின் இன்னொன்றையும் சொன்னோம். அதைப் பெற்றோர்களும் வீட்டில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பந்தயக் கார்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன. எதிரே லோரி வருவதில்லை. ஓடுதளத்தில் மாடு குறுக்கே வருவதில்லை. மருத்துவர் பக்கத்திலேயே நிற்கிறார். அங்கேகூட முந்துவதற்கு நேரமும் இடமும் அளந்து கொடுத்திருக்கிறார்கள். நம் சாலைகளில் இவை ஒன்றும் இல்லை. நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தோட்டத்து மண்பாதையிலிருந்து பெருஞ்சாலைக்கு ஏறியதும் முறுக்கத் தோன்றும் பிள்ளைகளுக்கு, தொலைக்காட்சியில் பார்த்தது முந்துதலின் ஒரு பாதிதான் என்பது தெரிய வேண்டும். மறுபாதி, அழுத்தாமல் காத்திருந்த சுற்றுகள். அவற்றைத் தொலைக்காட்சி பெரிதாகக் காட்டுவதில்லை.

பாடம் முடிந்து மணி அடித்தபோது அந்த மாணவன் மீண்டும் நம்மிடம் வந்தான். "அப்படின்னா சார், அந்தப் பொத்தானை எப்பத்தான் அமுக்கணும்?" என்றான். "வீட்டுக்குப் போய் உங்கள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு வா" என்று சொல்லி அனுப்பினோம். மறுநாள் காலை வந்து நின்றான். "முந்தினதுக்கு அப்புறமும் கையில கொஞ்சம் மிச்சம் இருக்கும்னு தெரிஞ்சா அமுக்கணுமாம் சார். அப்பா சொன்னாங்க" என்றான். அவன் தந்தை லோரி ஓட்டுபவர்.

அதற்கு மேல் விளக்கம் சொல்ல நமக்கு ஒன்றும் இருக்கவில்லை.